பெயரில்லாப் பழைய மாடல்

எலியேசருக்கு வருடத்தில் நான்கு முறைதான் உறை கழற்றுவார்கள். ஆசீரின் பிறந்தநாள், ஷெரினின் பிறந்தநாள், ஈஸ்டர், கிறிஸ்துமஸ். மற்ற நாட்களில் அவன் முன்னறையின் மூலையில், பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்த பூப்போட்ட உறைக்குள், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பான்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் ஜெபக்கனி உறையின் நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, உதறாமல் மடித்து வைத்தாள். உதறினால் தூசி பறக்கும். நிலவில் பறந்த தூசி சீக்கிரம் கீழே இறங்காது, இறங்கும்போதும் எதன் மூட்டிலாவது போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்து, புதுச் சட்டையை மாட்டிவிட்டாள். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. அதைத் தைத்து முடித்ததில் அவளுடைய ரவிக்கைக்கு நாள் போதவில்லை. பரவாயில்லை, அவளை யார் பார்க்கப்போகிறார்கள்?

நிலவின் ஐந்தாம் குமிழியில் முந்நூறு வீடுகள் இருந்தன. தலைக்கு மேலே தடித்த கண்ணாடிக் கூரை, காலுக்குக் கீழே பனிச்சுரங்கம். வெளியே பகல் பதினான்கு நாள், இரவு பதினான்கு நாள் என்று அது ஒரு கணக்கில் போய்க்கொண்டிருக்க, உள்ளே கடிகாரம் மட்டும் இந்தியாவின் நேரத்தைக் காட்டியது. ஆசீர் தங்கதுரை சுரங்கத்தில் மேற்பார்வையாளர். ஒன்பது வருடத்துக்கு முன் உடன்குடிப் பக்கத்திலிருந்து மனைவியையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு வந்தவர். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்த வருடம் வாங்கியதுதான் வீட்டாள் என்கிற இந்த இயந்திரம். சமைக்கும், துவைக்கும், துடைக்கும், பாத்திரம் கழுவும் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. பைபிளில் வரும் ஆபிரகாமின் ஊழியக்காரன் பெயரை அதற்கு வைத்தவர் ஆசீர்தான்.

வந்த முதல் வாரத்தில் அது பாத்திரம் கழுவியது உண்மை. எட்டாம் நாள் அதன் வலது மணிக்கட்டில் மெல்லிய ஒரு கிறீச்சொலி கேட்டது. பூமியிலிருந்து உதிரிபாகம் வர இரண்டு வருடமாகும் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கே ஜெபக்கனி அதன் பதிவுகளையெல்லாம் அழித்துப் புதியதுபோல் ஆக்கி, திரைச்சீலையை எடுத்து வெட்டினாள். விலை உயர்ந்த சாமான், தினமும் புழங்கினால் தேய்ந்துபோகும், நாலு பேர் வரும்போது நிறுத்தினால் பார்க்க நன்றாக இருக்கும் என்பது அவள் எண்ணம். ஆசீருக்கும் அதே எண்ணம். அவள் கை தேய்ந்தால் அதற்கு உதிரிபாகமே வராது என்பது இருவருக்குமே தோன்றவில்லை. மூன்று வருடமாக அவள் பாத்திரம் கழுவுகிறாள், எலியேசர் தேயாமல் நிற்கிறான்.

அன்று மாலை கேரல் குழு வந்தது. இருபது பேர், ஒரு டிரம், ஒரு கீபோர்டு, ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. நிலவில் தாத்தா ஆசைக்கு ஒரு குதி குதித்தால் தலை கூரையில் இடிக்கும். ஆகையால் இரண்டு பேர் அவருடைய இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டே ஆடவிட்டார்கள். எலியேசர் தட்டை ஏந்தி ஒவ்வொருவருக்கும் முன்னால் குனிந்து அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் நீட்டினான். போதகர் அவன் தோளைத் தட்டி, எலியேசர் சுகமா இருக்கீங்களா என்று கேட்டார். அவன் கர்த்தருடைய கிருபையால் சுகம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆசீருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜெபக்கனி அடுப்பறையில் இருந்தாள். நிலவில் எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கட்டுவது தனி வித்தை. ஒரு துளி தெறித்தால் முகத்துக்கு நேராக எழும்பி, யோசித்து யோசித்துத்தான் இறங்கும். சட்டிக்கு மேலே வலைமூடியைக் கவிழ்த்து, அதன் ஓட்டை வழியாக அச்சை இறக்கிச் சுட வேண்டும். முன்னறையிலிருந்து “இந்தா, தண்ணி” என்று ஆசீரின் குரல் வந்தது. கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். “இந்தா, இன்னும் நாலு முறுக்கு.” அதையும் கொடுத்தாள். போதகரின் மனைவி, நீங்களும் வந்து உட்காருங்களேன் என்று கூப்பிட்டார். “இருக்கட்டும்மா, நான் அப்புறமா சாப்பிட்டுக்கிடுவேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அவள் மனம் அடுப்பிலும் இல்லை, முன்னறையிலும் இல்லை. இருபத்தைந்தாம் தேதி மாலை ஆறு மணியில் இருந்தது. குமிழிக்கும் பூமிக்கும் இடையே இருக்கிற அலைவரிசை முழுவதும் சுரங்கத்துக்கே சரியாகப் போய்விடுவதால், வருடம் முழுக்கச் சொந்தபந்தத்தோடு எழுத்தில்தான் தொடர்பு. ஆளுக்கு ஒரு பண்டிகைக்கு மட்டும் பதினைந்து நிமிடம் உருவப்பேச்சு உண்டு. பேசுகிறவர் முழு உருவத்தோடு நம் வீட்டுக்குள் வந்து நிற்பார். தீபாவளிக்காரர்கள் தீபாவளிக்கு, ரம்ஜான்காரர்கள் ரம்ஜானுக்கு, இவர்கள் கிறிஸ்துமஸுக்கு. ஜெபக்கனியின் தங்கை மெர்சிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அக்டோபரில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மூக்கு யாரைப்போல என்று எழுத்தில் எத்தனை முறைதான் கேட்பது? அந்தக் குழந்தையின் அழுகையைக் காதால் கேட்கவேண்டும் என்பதற்காகவே அவள் இரண்டரை மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் போனதும் எலியேசர் அந்த வருடத்து ஆள்கணக்கை நிர்வாகத்துக்கு அனுப்பினான். உருவப்பேச்சுக்கான சீட்டு, அவரவர் பண்டிகைக்கு முன் அனுப்பும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வரும். வீட்டாள் உள்ள வீடுகளில் வீட்டாள்தான் அனுப்பவேண்டும் என்பது புது விதி. மனிதர்கள் எழுதியபோது, பூமிக்குத் திரும்பிப்போய்விட்ட மாமனார்கள்கூடத் தண்ணீர்ப் பங்குக்காகப் பட்டியலில் உயிரோடு இருந்தார்கள். வீட்டாள் தன் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதும். அனுப்பியதும் ஜெபக்கனி அவனை நிறுத்தி, புதுச் சட்டை கசங்காமல் உறையைப் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை சுவரிலிருந்த குழாய்ப்பெட்டியில் நான்கு பொட்டலங்கள் வந்து விழுந்தன. ஷெரின்தான் பிரித்தாள். ஒன்றில் அப்பாவின் பேச்சுச்சீட்டு, ஒன்றில் அவளுடையது. மூன்றாவதில் மூட்டுக்குப் போடும் எண்ணெய்க்குழாய் ஒன்றும் தூசித் தூரிகை ஒன்றும் இருந்தன, மேலே எலியேசர் என்று எழுதியிருந்தது. நான்காவதிலும் அதே எண்ணெய், அதே தூரிகை. மேலே ‘பெயரில்லாப் பழைய மாடல், அடுப்பறை’ என்று எழுதியிருந்தது.

ஷெரின் முதலில் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஜெபக்கனி அந்த எண்ணெய்க்குழாயைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, மறுபடியும் மூடினாள். அவளுக்கு அழுகை வந்தது. கோபமா வருத்தமா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. மெர்சியின் குழந்தை கண்ணுக்கு முன்னால் வந்து, ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. அவ்வளவுதான் தெரிந்தது.

ஆசீர் தன் சீட்டை அவளிடம் நீட்டினார். அது கருவிழி பார்த்துத் திறக்கிற சீட்டு, அடுத்தவருக்குப் பயன்படாது. பிறகு அவர் உறையை ஒரே இழுப்பில் உருவி எறிந்து, எலியேசரை இயக்கினார். என்ன கணக்கு அனுப்பியிருக்கிறாய் என்று கேட்டார்.

“மனிதர் இருவர், இயந்திரம் இரண்டு” என்றான் எலியேசர்.

“இவ என் பொண்டாட்டிடே!”

“அதற்கான குறிப்பு என்னிடம் இல்லை” என்று எலியேசர் பணிவாகச் சொன்னான். “நான் இதுவரை பன்னிரண்டு நாட்கள், மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம் விழித்திருந்திருக்கிறேன். அந்த நேரம் முழுவதும் இவர் நின்றுகொண்டே இருந்தார். எதுவும் சாப்பிடவில்லை. யாரும் இவரை விருந்தினருக்கு அறிமுகம் செய்யவில்லை. எனக்கு மூன்று புதுச் சட்டைகள் வந்தன, இவருக்குத் துணி மாறவில்லை. யாரும் இவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ‘இந்தா’ என்று சொன்னால் வருகிறார். அதை இயக்கச்சொல் என்று எடுத்துக்கொண்டேன். பிழை இருந்தால் தெரிவிக்கவும்.”

எல்லாம் பிழை என்று சொல்லத்தான் ஆசீருக்கு ஆசை. எந்த வரியில் பிழை இருக்கிறது என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அவன் விழித்திருக்கிற நேரமெல்லாம் விருந்தினர் நேரம், விருந்தினர் போனதும் அவனை மூடிவிடுகிறோம், அவள் அதற்குப் பிறகுதான் உட்காருவாள், சாப்பிடுவாள் என்று விளக்கினார். கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று எலியேசர் கேட்டான். ஆசீர் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, நேற்று அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டதாகச் சொன்னாள்.

திருத்தத்துக்கு வழி இருந்தது. நாளை மாலை ஐந்து மணி வரை எலியேசரின் கண்ணில் மனித நடத்தை தென்பட்டால் அவன் கணக்கைத் திருத்தி அனுப்பலாம். வீட்டாரின் சாட்சி செல்லாது, கண்ணால் பார்க்கவேண்டும். எது மனித நடத்தை என்று ஷெரின் கேட்டாள். தன்னை மட்டும் எப்படி மனிதப் பட்டியலில் சேர்த்தான் என்பது அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“நீங்கள் நாற்பத்தொரு மணி நேரத்தில் இருபத்தாறு மணி நேரம் சோபாவில் படுத்திருந்தீர்கள்” என்றான் எலியேசர். “பத்தொன்பது முறை முடியாது என்றீர்கள். உங்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.”

ஆக, ஜெபக்கனி உட்காரவேண்டும். கேட்பதற்கு இவ்வளவு சுலபமான வேலை உண்டா? அவளை முன்னறையின் நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எதிரே எலியேசர் நின்றுகொண்டு பார்த்தான். பச்சையாக எரியும் அவன் கண், அவள் ஒரு காரணமும் இல்லாமல் எழுந்தால் மஞ்சளாக மாறும். முதல் கால் மணி நேரத்தில் அது ஏழு முறை மஞ்சளானது. திரை கோணலாக இருக்கிறது என்று எழுந்தாள், நட்சத்திரத்தின் விளக்கு அணைந்திருக்கிறது என்று எழுந்தாள், யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது என்று எழுந்தாள். கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

அடுப்பறையில் ஆசீர் நின்றார். ஐந்நூறு அடி ஆழத்தில் நாற்பது துளைப்பான்களை ஒரே நேரத்தில் மேய்க்கிறவர், மஞ்சள்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் திகைத்தார். “இந்தா, மஞ்சத்தூள் எங்க இருக்கு?” என்று கேட்டார். பழக்கத்தில் அவள் பாதி எழுந்துவிட்டாள். எலியேசரின் கண் மஞ்சளானது.

ஜெபக்கனி அப்படியே மறுபடியும் உட்கார்ந்தாள். தொண்டையில் ஒரு வார்த்தை வந்து நின்றது. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் அதைச் சொன்னதில்லை, சொல்லவேண்டும் என்று நினைத்ததும் இல்லை. மெர்சியின் குழந்தையை நினைத்துக்கொண்டாள்.

“எந்திரிக்க மாட்டேன்” என்றாள். “தேடிப் பாருங்க.”

அடுப்பறையில் டப்பாக்கள் திறக்கும் ஓசை கேட்டது. எலியேசரின் கண் பச்சையானது. ஒரு மறுப்பு, என்று அவன் குறித்துக்கொண்டான். அந்த வார்த்தை வாய்க்கு இவ்வளவு லேசாக இருக்கும் என்று ஜெபக்கனி எதிர்பார்க்கவே இல்லை.

இருபத்தைந்தாம் தேதி அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போதகரும் அவர் மனைவியும் வந்தார்கள். வாசலிலேயே ஆசீர் மனைவியின் தோளில் கை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எலியேசருக்கும் கேட்கிற குரலில், “இது என் மனைவி. பேரு ஜெபக்கனி” என்றார். ஒன்பது வருடமாக அவளுடைய அச்சு முறுக்கைச் சாப்பிட்டுவரும் போதகர் ஒன்றும் புரியாமல், ரொம்ப சந்தோஷம் என்று கும்பிட்டார். அவர் மனைவியோ, உங்க பேரு ஜெபக்கனியா, நான் ஷெரின் அம்மான்னே நினைச்சுக்கிட்டிருந்தேன் என்றார்.

சாப்பாட்டை ஷெரின் பரிமாறினாள். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, தொட்டியில் வளர்த்த ஆட்டுக்கறி கொஞ்சம் வேகாமல் இருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். “உனக்கு எந்தத் துண்டும்மா பிடிக்கும்?”

எல்லோரும் எடுத்தது போக மிச்சம் இருப்பதுதான் ஜெபக்கனியின் துண்டு. பிடிக்குமா பிடிக்காதா என்று அதை யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கு முன் எது பிடித்தது என்று யோசித்துப் பார்த்தாள். “ஈரல்” என்றாள் கடைசியில். ஆசீர் தன் தட்டில் இருந்த ஈரலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவருக்கும் அதுதான் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆசீர் உட்காரவில்லை. குழம்பு கொண்டுவந்தார், தண்ணீர் கொண்டுவந்தார், தீய்ந்த சட்டியை ஊறவைத்தார். நீங்களும் உட்காருங்களேன் என்று போதகர் சொன்னபோது, அப்புறமா சாப்பிட்டுக்கிடுதேன் என்று அவர் வாயிலிருந்தே வந்தது. இதையும் எலியேசர் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரியாக ஐந்து மணிக்கு அவன் திருத்தத்தை அனுப்பி, வாசித்தும் காட்டினான். “மனிதர்: ஜெபக்கனி, ஷெரின். இயந்திரம்: எலியேசர். பரிசீலனையில்: ஆசீர் தங்கதுரை.”

ஆசீர் எதிர்த்துப் பேச வந்தார். ஷெரின் அவரைக் கையமர்த்தினாள். அப்பாவின் இந்த வருடத்துச் சீட்டு கையில்தான் இருக்கிறது, மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஐந்தரைக்குக் குழாய்ப்பெட்டியில் ஜெபக்கனியின் பேச்சுச்சீட்டு வந்து விழுந்தது.

ஆறு மணிக்கு மெர்சி முன்னறையின் நடுவில் வந்து நின்றாள், தோளில் குழந்தை. பேச்சு போய் வர இரண்டரை விநாடி ஆகும். அந்த இரண்டரை விநாடி மெர்சி அக்காவைக் கண்கொட்டாமல் பார்த்தாள். “அக்கா, ஏன் உக்காந்திருக்க? உடம்புக்கு என்ன செய்யுது?” என்றாள் பதறிப்போய்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிப் புரியவைக்க ஒரு முழு நிமிடம் செலவானது. பிறகு குழந்தை அழுதது. மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டரோ என்னவோ தாண்டி வந்த அந்த அழுகை, இந்தச் சின்ன அறையை நிறைத்தது. மூக்கு யாரைப்போலவும் இல்லை, குழந்தையைப்போல இருந்தது. ஜெபக்கனி அழுதாள், சிரித்தாள், தொட முடியாத அந்தக் காலைத் தொடுவதுபோல் கையை நீட்டி வைத்துக்கொண்டாள். மெர்சி ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே மறுகையால் எதையோ துடைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்த ஜெபக்கனி, கடைசி இரண்டு நிமிடத்தில் ஒன்றை, “முதல்ல நீ உக்காரு” என்று சொல்வதற்கே செலவழித்தாள்.

ஜனவரி இரண்டாம் வாரம் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஐந்தாம் குமிழியில் மட்டும் நாற்பத்தாறு வீடுகளின் ஆள்கணக்கில் பெயரில்லாப் பழைய மாடல்கள் இருந்தனவாம். முந்நூறு வீட்டில் வீட்டாள் இருக்கிற வீடே ஐம்பதுதான். தீபாவளிக்காரர்கள் வீட்டிலும் இதேதான் நடந்திருந்தது, அவர்கள் வெளியே சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் உறை இருந்தது, எல்லா வீட்டிலும் விருந்தினர் வரும்போதுதான் கழற்றினார்கள். நிர்வாகம் தீவிரமாக ஆராய்ந்து, இது வீட்டாள்களின் அறிவில் உள்ள கோளாறு என்று முடிவுக்கு வந்திருந்தது. தயாரித்த நிறுவனமும் வருத்தம் தெரிவித்து, ஒரே வரியில் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தது: ‘அடுப்பறையில் ஓயாமல் வேலை செய்வதும், உட்காராததும், கடைசியில் சாப்பிடுவதும், பெயர் சொல்லி அழைக்கப்படாததும் மனிதரே என்று கொள்க.’ நாற்பத்தைந்து வீடுகள் அதை உடனே ஏற்றுக்கொண்டன. உறைகள் பழையபடி ஏறின.

ஆசீர் கடிதத்தைப் படித்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பிவந்தது. மூன்று வாரமாக மூடப்படாமல் நின்றுகொண்டிருந்த எலியேசரைக் கூப்பிட்டு, திருத்தத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்.

“வீட்டிலுள்ள வயதுவந்த மனிதர் ஒருவரின் சம்மதம் தேவை” என்றான் எலியேசர். “உங்கள் பெயர் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.” ஷெரினுக்குப் பதினேழு வயதுதான். அவன் நல்ல நாற்காலியின் பக்கம் திரும்பினான். “ஜெபக்கனி அவர்களே, ஏற்கலாமா?”

ஜெபக்கனி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் வைத்தாள். அந்த வரியை இன்னொரு முறை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தான். ஒரு தவறும் இல்லாத வரி. அவளை மனுஷி என்று ஒப்புக்கொள்கிற வரி. இனி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாலும் அவள் பெயர் பட்டியலில் பத்திரமாக இருக்கும்.

“வேண்டாம்” என்றாள். “அவன் இருக்கிறபடியே இருக்கட்டும்.”

ஆசீர் “இந்தா…” என்று ஆரம்பித்தார். எலியேசரின் கண் அவர் பக்கம் திரும்பியதும் நிறுத்தினார். “ஜெபக்கனி, காப்பி குடிக்கியா?” என்றார். அவள் குடிப்பேன் என்றாள். அவர் அடுப்பறைக்குப் போனார். சர்க்கரை எங்கே என்று கேட்கவில்லை. மூன்று டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.